ஒக்குமா, ஒக்காதா?

கேள்வி கேட்டவருக்குச் சொந்த ஊர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு, வேலை சென்னையில். அலுவலகத்தில் ஏதோ ஒரு வேலையைப் பற்றி "இன்னைக்கு ஒக்காது", அதாவது முடியாது, என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து மேசைக்காரர்கள் "மலையாளத்துல பேசாதீங்க" என்று சிரித்திருக்கிறார்கள். ஒக்காது தமிழா, மலையாளமா என்பது முதல் கேள்வி. முடியும், ஒருவேளை, இருக்கலாம் மாதிரியான சொற்கள் ஒவ்வொரு மொழிக்கும் எங்கிருந்து கிடைத்தன என்பது இரண்டாவது.

முதலாவதற்குப் பதில்: தமிழ்தான். மலையாளமும்தான். திருவனந்தபுரத்துக்காரரும் இதே சொல்லைத்தான் "ஒக்கூல" என்பார். எல்லைச் சுவரில் தோண்டிய கிணறு மாதிரி, இரண்டு வீட்டாரும் தண்ணீர் கோரலாம். யார் யாரிடம் கடன் வாங்கினார் என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒத்தல் என்றால் சமமாக இருத்தல், பொருந்துதல். "அந்த ஆளு நமக்கு ஒத்துவர மாட்டான்", "அது ஒத்துவராது" என்று சிரித்தவர்களே தினம் நாலு தடவை சொல்லியிருப்பார்கள். நாம் கடைசியில் உள்ள 'வராது' இல்லாமலே வேலையை முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான். இன்னொன்றும் அவர்களிடம் கேளுங்கள்: 'சொல்லொணாத் துயரம்' என்று இரங்கல் செய்தியில் எழுதுகிறார்களே, அந்த 'ஒணா' என்ன? ஒண்ணாத. அதற்கும் முந்தி, ஒன்றாத. ஒன்றுதல் என்றால் சேர்தல், பொருந்துதல். சொல்லோடு பொருந்தாத துயரம், அதாவது சொல்ல முடியாத துயரம்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஒல்லுதல் இருக்கிறது. "ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே" என்று குறள் சொல்லும்போது 'முடிந்த வகையில்' என்றுதான் பொருள். புறநானூற்று 196ஆம் பாட்டு இந்தச் சொல்லை வைத்தே ஒரு அரசனை மடக்குகிறது. ஆவூர் மூலங்கிழார் பரிசில் கேட்டுப் போயிருக்கிறார். பாண்டியன் நன்மாறன் தருகிறேன் என்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் நாளைக் கடத்துகிறான். புலவருக்குக் கோபம். "ஒல்லுவது ஒல்லும் என்றலும், யாவர்க்கும் ஒல்லாது இல்லென மறுத்தலும்" என்று தொடங்குகிறார். முடிந்ததை முடியும் என்பது, முடியாததை இல்லை என்பது, இரண்டும் பெரிய மனுஷனுக்கு அழகு. முடியாததை முடியும் என்பதும் முடிந்ததை இல்லை என்பதும் கேட்டு வந்தவனை வாட்டுவது. ஒரே பாட்டில் ஒல்லும், ஒல்லாது என்று மாறி மாறி அடிக்கிறார். நம் ஊரில் "ஒக்குமா ஒக்காதா, ஒண்ணு சொல்லும்" என்று வட்டிக்குக் கேட்டு நிற்பவர் சொல்வது இதன் பேச்சு வடிவம் என்றே எனக்குத் தோன்றும். ஒல், ஒன்று, ஒ, மூன்றும் ஒரு தாய் பிள்ளைகளா, அடுத்த வீட்டுப் பிள்ளைகளா என்பதை வேர்ச்சொல் பார்க்கிறவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். மூன்றும் பொருந்துவதில் தொடங்கி முடிவதில் வந்து நிற்கின்றன.

(ஒக்கிப் புயலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. இல்லை. அது வங்கதேசம் கொடுத்த பெயர். கண் என்று பொருள்.)

வேடிக்கை என்னவென்றால், எங்கேயோ இருக்கிற கிரேக்கர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். கிரேக்கத்தில் 'ஒருவேளை' என்பதற்கு இசோஸ் என்பார்கள். அது 'சமமாக' என்ற சொல்லிலிருந்து வந்தது. தராசுத் தட்டு இரண்டும் சமமாக நிற்கிறது, எந்தப் பக்கமும் சாயலாம். இந்திப் படத்தில் அடிக்கடி காதில் விழும் 'ஷாயத்' பாரசீகச் சொல். அதன் வினைக்குத் தகுதியாதல், பொருந்துதல் என்று பொருள். ஆக 'பொருந்தும்' என்பதிலிருந்து 'இருக்கலாம்' பிறப்பது திருவட்டாறுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. நடந்ததைக் கண்ணால் பார்க்கலாம். நடக்கக்கூடியதைப் பார்க்க வழியில்லை. அதனால் அதற்கென்று தனிச்சொல் எந்த மொழியிலும் முளைத்ததாகத் தெரியவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொல்லைத்தான் கூப்பிட்டு இந்த வேலையையும் கொடுத்திருக்கிறார்கள். தமிழுக்கு அப்படி அகப்பட்டவற்றில் பெரியது 'முடிதல்'. முடியும் என்றால் முதலில் 'முற்றுப்பெறும்'. வேலை முற்றுப்பெறும் என்றால் அதைச் செய்யும் தெம்பு இருக்கிறது என்றாகிவிட்டது. மலையாளத்தில் இதே இடத்தில் 'கழியும்'. அதுவும் தீர்தல், கடந்துபோதல்தான். "ஊணு கழிஞ்ஞு" என்றால் சாப்பாடு முடிந்தது. "எனிக்கு கழியும்" என்றால் என்னால் முடியும். சொல் வேறு, யோசனை ஒன்று.

நான் இந்தச் சொற்களைக் கவனிக்கத் தொடங்கியது படிப்பினால் அல்ல, ஒரு தப்பினால். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய நிலப் பத்திரங்கள் நிறைய மலையாளத்தில் கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்திரம். தாயாருக்குப் பாத்தியப்பட்ட வயலை மகன் தன் பேருக்கு எழுதி வாங்குகிறான். அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் தாயாருக்கு இரண்டு கோட்டை நெல் 'கொடுத்துகொள்ளாம்' என்று ஒப்புக்கொள்கிறான். நான் அச்சு அசலாகக் 'கொடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி நீட்டினேன். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலேய், அம்மைக்குச் சோறு குடுக்கது மகனுக்க இஷ்டம்ணா எழுதிருக்கு?" என்றார்.

தப்பு எங்கே என்றால் அந்த 'ஆம்'மில். மலையாளத்தில் "ஞான் வராம்" என்றால் வருகிறேன், வாக்குக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். தமிழில் "நான் வரலாம்" என்றால் வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் இல்லை. இரண்டிலும் இருப்பது ஒரே ஆம். ஆகும் என்பதன் தேய்வு. வரல் ஆகும், வரலாம். அங்கே அது உறுதிமொழி ஆகிவிட்டது, இங்கே கைகழுவல் ஆகிவிட்டது. பத்திரத்து 'கொள்ளாம்' மகனைக் கட்டிப்போடுகிற கயிறு. நான் அதை அவிழ்த்துவிட்டிருந்தேன். கேரள எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து ஆசாரி "நாளெ வராம்" என்று போனதை நம்பாமல் வேறு ஆளைக் கூப்பிட்டுச் சண்டையில் முடிந்த கதையும் எனக்குத் தெரியும். ஆசாரி மறுநாள் காலை ஏழு மணிக்கே உளியும் கொட்டாப்புளியுமாக வந்து நின்றுவிட்டார்.

இந்த ஆம் ஒரு தனிப்பிறவி. ஆமோதிப்பதும் அதுதான்: "ஆம்". அனுமதிப்பதும் அதுதான்: "உள்ளே வரலாம்". ஐயப்படுவதும் அதுதான்: "மழை வரலாம்". எல்லோரையும் கிளப்புவதும் அதுதான்: "போலாம், எந்திரிங்க". போதாததற்கு அடுத்த வீட்டு வம்பையும் அதுவே சுமக்கிறது: "அவளுக்குக் கல்யாணம் ஒறச்சாச்சாம்". நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், பொறுப்பு எனக்கில்லை என்பதை எல்லாம் ஒரு 'ஆம்' சொல்லிவிடுகிறது. நம் ஊரில் மீன்குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்கிறோமே, அதுவும் இதன் வகைதான். கொள்ளத் தகும், ஏற்றுக்கொள்ளலாம் என்பது நாளடைவில் 'நன்றாக இருக்கிறது' ஆகிவிட்டது. லத்தீனில் இதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. அங்கே 'ஏற்கத்தக்கது' என்று பொருள்பட்ட ப்ரோபாபிலிஸ் என்ற சொல்தான் ஆங்கிலத்தில் ப்ராபப்ளி ஆகி 'பெரும்பாலும்' என்று நிற்கிறது.

தெலுங்கும் கன்னடமும் ஆதலை விட்டுவிட்டு வருதலைப் பிடித்தன. தெலுங்கில் "வெள்ளவச்சு" என்றால் போகலாம். அந்த 'வச்சு' வரும் என்ற சொல். கன்னடத்து "ஹோகபஹுது" என்பதன் 'பஹுது'வும் பழைய 'வருவது'தான். நமக்கும் இது புதிதில்லை. "அவனுக்குக் கணக்கு வராது", "அவளுக்குப் பாட்டு நல்லா வரும்" என்கிறோம். திறமை ஆளுக்குள் இருப்பதில்லை, எங்கிருந்தோ ஆளிடம் வருகிறது.

கூடுதல் கதை வேறு. கூடும் என்றால் சேரும், கைகூடும், ஆகவே நடக்கலாம். ஆனால் எதிர்மறையில் அது தடம் புரண்டுவிட்டது. கூடாது என்றால் இன்று 'நடக்காது' இல்லை, 'செய்யாதே'. பழைய பொருள் வேதாகமத்தில் பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்மஸ் நாடக ஒத்திகைக்குப் போய்வந்த என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: "பாட்டா, தேவனாலே கூடாத காரியம் ஒன்றுமில்லைன்னு தேவதூதன் சொல்லுகாரே. அப்பம் கடவுள் கூடாத காரியம் எல்லாம் செய்வாரா?" நான் சிரித்துவிட்டேன், ஆனால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. வகுப்பில் பேசக்கூடாது, சுவரில் கிறுக்கக்கூடாது என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்குக் கூடாது என்றால் அடி விழும் விஷயம். 'முடியாத காரியம்' என்று விளக்கியபோது, "அப்படீன்னா அப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்று போய்விட்டாள். முடியாது என்பது நழுவி ஆகாது, செய்யக்கூடாது என்று மாறுவது பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தில் "இங்கே வண்டி நிறுத்த யூ காண்ட்" என்று காவல்காரர் சொன்னால் நமக்கு வண்டி நிறுத்தத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை.

அந்த 'கேன்' பிறந்த இடம் அறிவு. பழைய ஆங்கிலத்தில் அது 'அறிவேன்'. ஜெர்மனில் இன்னும் அறிதலுக்குக் கெனென், முடிதலுக்குக் கோனென் என்று பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. துருக்கியில் முடியும் என்பதற்கு வினையோடு 'பில்' ஒட்டுவார்கள். பில் என்றால் அறி. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் குழப்பம் வராது. குளச்சலில் கை முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் பையனிடம் கேட்டால், "நீந்தத் தெரியும், இப்பம் முடியாது" என்பான். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே 'கேன்'தான் வைத்திருக்கிறது. 'மே' வந்தது வலிமையிலிருந்து. 'மைட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்றும் வலிமை என்றே பொருள். 'பாசிபிள்' லத்தீன். அதற்குள் இருக்கும் 'போட்டிஸ்' வல்லவன், உடையவன்; நம் சேதுபதி, பசுபதியில் வரும் சமஸ்கிருதப் பதிக்கு உறவு. அய்யா வைகுண்டரின் சாமிதோப்புப் பதியை இதில் சேர்த்துவிடாதீர்கள். அது தங்குமிடம் என்ற பொருளில் வரும் தமிழ்ப் பதி, வேறு சொல்.

வலிமையிலிருந்து முடிதல் வந்ததைக் காதால் கேட்க வேண்டுமென்றால் கன்னியாகுமரி கடற்கரையில் பாசிமாலை, சங்கு விற்கிறவர்கள் பக்கத்தில் நில்லுங்கள். வடநாட்டு யாத்திரிகர் பாதி விலைக்குக் கேட்பார். கடைக்கார அக்கா தமிழ் வாடை வீசும் இந்தியில் "நஹி ஹோ சக்தா" என்பார். அந்தச் சக்தாவும், முக்கூடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பகவதியைச் சொல்லும் சக்தியும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் 'சக்' என்றால் ஆற்றலுடன் இருத்தல்.

ஒருவேளைக்கு வருவோம். இது நேரத்தைக் கடன் வாங்கிய சொல். ஒரு நேரம் நடக்கும், இன்னொரு நேரம் நடக்காது. இலங்கைத் தமிழர் 'சிலவேளை' என்பதும், மலையாளி 'சிலப்போள்' என்பதும், விளவங்கோட்டுக்காரர் "செலப்பம் வருவான்" என்பதும் இதே கணக்கு. சிங்களத்தில் 'சமஹர விட்ட', சில நேரம். ஸ்பானியத்தில் 'தல் வேஸ்', அப்படியொரு தடவை. தமிழில் மட்டும் ஒரு வம்பு உண்டு: "பெரியவர் ஒருவேளை சாப்பிடுவார்" என்றால் இலை போட வேண்டுமா, நாளைக்கு ஒரு தடவைதான் போட வேண்டுமா? எழுத்தில் இடைவெளி விட்டுச் சமாளிக்கலாம். பேச்சில் பெரியவர் பட்டினி. மலையாளத்து 'ஒரு பக்ஷே' நேரத்தை விட்டு இடத்தைப் பிடித்தது. ஒரு பக்கம் பார்த்தால் அப்படி, மறுபக்கம் பார்த்தால் இப்படி.

ஆங்கிலத்து 'பெர்ஹாப்ஸ்' அதிர்ஷ்டத்திலிருந்து வந்தது. ஹாப் என்றால் வட ஐரோப்பியக் கடலோடிகள் மொழியில் நல்ல விதி. ஹாப்பி, ஹாப்பன், மிஸ்ஹாப் எல்லாம் அந்தக் குடும்பம். 'சான்ஸ்' விழுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இதற்கு உரை வேண்டாம். நாமும் "தாயம் விழுந்திச்சு" என்றுதான் சொல்கிறோம். ஜெர்மன்காரருக்கு 'ஃபீலைஷ்ட்', மிக எளிதாக என்று பொருள். பிரெஞ்சும் சுவீடனும் நேர்வழிக்காரர்கள்: 'இருக்க முடியும்', 'நடக்க முடியும்' என்று இரண்டு வினையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆங்கில 'மேபி'யும் அதே தையல்.

எனக்குப் பிடித்தவை தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் சொற்கள். ஸ்பானிய 'கிசாஸ்' ஒரு காலத்தில் 'யாருக்குத் தெரியும்' என்ற முழுக் கேள்வி. தேய்ந்து ஒரு சொல்லாகிவிட்டது. ஜப்பானியர் வாக்கியத்தின் வாலில் 'காமொஷிரெனாய்' என்று சேர்ப்பார்கள், 'ஆகுமோ என்னவோ, அறிய முடியாது' என்று. நம்மிடம் "ஆரு கண்டா". இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டு போனால் 'ஆருகண்டா' என்று ஒரே சொல்லாகி அகராதியில் ஏறினாலும் ஏறும். ஐயத்துக்கென்றே தமிழில் ஒரு இடைச்சொல் இருந்தது, 'கொல்'. "கொல்லே ஐயம்" என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் முடிக்கிறது. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் சொல்கிறது. விளவங்கோட்டுப் பக்கம் அதங்கோடு என்று ஊர் இருக்கிறது, ஆசான் எங்க ஊர்க்காரர்தான் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்று குறளில் வருகிற அந்தக் கொல்லை இன்று அதங்கோட்டிலும் யாரும் பேசுவதில்லை. கூடவே வந்த ஓகாரம்தான் வேலை பார்க்கிறது: "வந்திருப்பானோ?"

உறுதிச் சொல் தேய்ந்து சந்தேகச் சொல்லாவதும் உண்டு. அரபியில் 'லா புத்த' என்றால் வேறு வழியே இல்லை, நிச்சயம். அது கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா போய் சுவாகிலியில் 'லப்தா' ஆனபோது 'ஒருவேளை' என்று நின்றுவிட்டது. கல்யாண அழைப்பிதழை வாங்கிக்கொண்டு "கண்டிப்பா வாறோம்" என்கிறவர்களுக்கு எத்தனை இலை போடுவது என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. "பாக்கலாம்" என்று சொன்னால் அந்தக் கணக்கே வேண்டாம்.

கடைசியாக வானிலை அறிக்கை. இந்தச் சொற்களைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் அதுதான். 'வாய்ப்பு' நல்லது வாய்ப்பதற்கு இருந்த சொல். நல்ல மருமகன் வாய்த்தான் என்போம். "கனமழைக்கு வாய்ப்பு" என்று எழுதும்போது அது எரிச்சலூட்டுகிறது எனக்கு. ஆனால் 'ஓரிரு இடங்களில்' என்பது மழுப்பல் இல்லை. மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்கு வரை பெய்தால் ஓரிரு இடங்கள், பாதி வரை சில இடங்கள், முக்கால் வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு நம் கடற்கரையில் அந்த அறிக்கையைச் சொல் சொல்லாகக் கேட்கிறார்கள். போன வருடம் ஒரு வேலையாகத் தேங்காய்ப்பட்டினம் போயிருந்தபோது வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில், குமரிக்கடலில் சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று சொன்னார்கள். பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீரு எழுத்துவேலை பாக்கிற ஆளுல்லா. காத்து கூடும்ணு சொல்லுகான், போகக்கூடாதுண்ணும் சொல்லுகான். கூடுமா, கூடாதா?"

"காத்துக்குக் கூடும், உங்களுக்குக் கூடாது" என்றேன்.

"செரிதான்" என்று மறுபடி ஊசியைக் கோத்தார். அன்று அவர் வள்ளம் இறக்கவில்லை. காற்றும் வரவில்லை.